வாசிப்பவரின் குறிப்பு

பரக்கத் விசிறியை நிறுத்திவிட்டான். மைக்கில் அதன் சத்தம் விழுமாம். இனி முக்கால் மணி நேரத்துக்கு இந்தப் பெட்டிக்குள் காற்று கிடையாது. பெட்டி என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு சுவரிலும் பஞ்சு அடைத்த, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய அறை. முன்னால் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரக்கத்தும் அவனுடைய கம்ப்யூட்டரும். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற இடம் இது. நான் ஏழு வருடமாக இங்கே வாசிக்கிறேன். வாரத்துக்கு மூன்று பகல். மற்ற நாட்களில் நான் யாரிடமும் பேசாமல் சாயங்காலம் ஆகிவிடுவதும் உண்டு. பால் போடுகிறவரிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்று சொல்ல வாய் திறந்தால் குரல் கரகரவென்று வரும். பாடம் மேசைமேல் இருக்கிறது. பாறைகள். ஒன்பதாம் வகுப்பு. கைப்பை காலுக்கருகே. கைப்பைக்குள் கவர், கவருக்குள் கடிதம். நாளைக் காலை பரக்கத் திண்டுக்கல் போகிறான். "அண்ணனுக்கு ஏதோ கவர் குடுக்கணும்னீங்களே மேடம், மறந்துடாதீங்க, நான் போனதும் அப்புறம் என்னைத் திட்டுவீங்க" என்று உள்ளே வரும்போதே சொன்னான். மறக்கவில்லை தம்பி. கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தூக்குகிறான். ஆரம்பிக்க வேண்டும். "நம் காலடியில் உள்ள நிலம் குளிர்ந்தும் உறுதியாகவும் இருக்கிறது. ஆனால் ஆழத்துக்குப் போகப் போக வெப்பம் கூடுகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் இருபத்தைந்து பாகை." நல்ல வாக்கியம். குழந்தைகளை ஏமாற்றாத வாக்கியம். கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு வேர்வை இறங்குகிறது; அதைத் துடைக்க முடியாது, புடவை உரசினால் மைக்கில் கேட்கும். அண்ணனுக்கும் கேட்கும். அவனுக்கு எல்லாம் கேட்கும்.

இங்கே பதிவாகிற ஒவ்வொரு பாடமும் முதலில் அண்ணனுக்குத்தான் போகிறது. குலசேகரன், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு பார்வை போயிற்று. அம்மா இறந்த பிறகு திண்டுக்கல்லில் தன் பழைய மாணவர்கள் இருக்கிற தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் உறையூர் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவன் பிரெயில் புத்தகத்தில் விரலை ஓடவிட்டபடி என் குரலைக் கேட்டுப் பிழை கண்டுபிடிக்கிறான். பட்டியல் வரும். "நிமிடம் பன்னிரண்டு, நொடி நாற்பது. 'திட நிலை' என்பதை வாசிப்பவர் 'திடீர் நிலை' என்று வாசித்துள்ளார்." வாசிப்பவர். ஒருமுறைகூட வல்லி என்று எழுதியதில்லை. பரக்கத்துக்கு அது பெரிய வேடிக்கை. "என்ன மேடம், சொந்தத் தங்கச்சி, கொஞ்சம் விட்டுக் குடுக்கக் கூடாதா? எங்க அக்கா இட்லிய எறிஞ்சா ஜன்னல் உடையும், நான் குறை சொல்லிருப்பேனா?" அண்ணன் விட்டுக் கொடுக்கமாட்டான். "ஆழத்தில் சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாகிறது. இந்தப் பாறைக்குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது. எனவே அது மேல்நோக்கி எழுகிறது. நிலத்துக்கு வெளியே கொட்டினால் விரைவில் ஆறிவிடும். படிகங்கள் வளர நேரம் இருக்காது. துகள்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவையாக நின்றுவிடும். வெளியே வராமல் ஆழத்திலேயே தங்கிவிட்டால், பல இலட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறும். படிகங்கள் பெரிதாக வளரும்." வெளியே வராதது பெரிதாக வளரும். இதைப் போய் யார் எழுதினார்கள்? அண்ணன் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கல் வைத்திருந்தான். உடைத்த கிரானைட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, "எருமை நாக்கு மாதிரி இருக்கா? அதான் உள்ளேயே இருந்து மெதுவா ஆறினது. இப்ப இதைத் தொடு. வழவழன்னு இருக்கா? இது அவசரக்காரன், வெளிய ஓடி வந்துட்டான்" என்பான். பிள்ளைகள் சிரிக்கும். ஒரு பெண் கல்லை நாக்கால் தொட்டே பார்த்துவிட்டு, "சார், எருமை உப்புக் கரிக்குது" என்றாள்.

பக்கத்தைத் திருப்ப வேண்டும். சத்தம் வராமல் ஓரத்தைத் தூக்கி, காற்றில் பிடித்து, மெல்லக் கீழே விட வேண்டும். இங்கே ஒரு படம் இருக்கிறது. படம் வந்தால் நாங்கள் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. "வாசிப்பவரின் குறிப்பு. இந்தப் பக்கத்தில் நிலத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படம் உள்ளது. அடியில் ஒரு குழம்புத் தேக்கம். அதிலிருந்து ஒரு கிளை மேலே எழுந்து, மேற்பரப்புக்கு வராமல் பாதியில் நிற்கிறது. கிளையை ஒட்டியுள்ள பாறை வேறு நிறத்தில் காட்டப்பட்டுள்ளது. குறிப்பு முடிந்தது." அவ்வளவுதான். ஏன் வேறு நிறம் என்று நான் சொல்லக் கூடாது. இந்த முறையை இங்கே வந்து கற்கவில்லை. எனக்கு ஏழு வயது இருக்கும். மலைக்கோட்டை மேலே ஏறி நின்று, அண்ணா, ஆறு வெள்ளிக் கொலுசு மாதிரி இருக்கு என்றேன். சூடான பாறையில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தவன், "கொலுசெல்லாம் வேணாம். உனக்குத் தெரியறத மட்டும் சொல்லு. அது எது மாதிரி இருக்குன்னு நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றான். அப்புறம் இருபது வருடம் நான்தான் அவனுக்குக் கண். செய்தித்தாள், பரீட்சைத் தாள், பஸ் பலகை, மருந்துச் சீட்டு, கடிதம். தொலைபேசி நிலையத்தில் எட்டு மணி நேரம் டிரங்க் கால் போட்டுவிட்டு, யாரோ யாருக்கோ சொல்லும் சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் காதில் வழிய வீட்டுக்கு வந்து, கால் கழுவிக்கொண்டு, அவனுக்கு வாசிக்க உட்காருவேன். அந்த ஒரு மணி நேரம்தான் நான் வேலை பார்த்ததாக எனக்குத் தோன்றும். மற்றதெல்லாம் இணைப்புக் கொடுத்தது.

"பாறை உருகித் தன்"... இல்லை. "மேடம், ஒன்ஸ் மோர்." காதுக்குள் பரக்கத்தின் குரல். "'உருகாமல்'னு இருக்கு. 'உருகி'ன்னு படிச்சிட்டீங்க." சரி. மூச்சு. "இரண்டாவது வகை, உருமாறிய பாறை. இதில் பாறை உருகித் தன் நிலை"... "மேடம், மறுபடியும்." மன்னிச்சுக்கோங்க தம்பி. "டீ சொல்லவா?" வேண்டாம். இது களைப்பினால் வருவதில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், கண் எப்போதும் நாக்கைவிட இரண்டு சொல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். நாக்கு ஒரு சொல்லைச் சொல்லும் நேரத்தில் கண் அதை விட்டுப் போயிருக்கும். சொல்லின் தலையைத்தான் கண் பார்க்கும். வாலை மனம் போட்டு முடிக்கும். தமிழில் ஆமா இல்லையா என்பது சொல்லின் வாலில் இருக்கிறது. உருகு என்பது வரை கண் பார்த்தது. மிச்சத்தை மனம் போட்டது. மனம் தனக்கு வேண்டியதைப் போடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடமாக இதே ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். "உருமாறிய பாறை. இதில் பாறை உருகாமல், திட நிலையில் இருந்தபடியே மாறுகிறது. மேலே உள்ள நிலத்தின் எடை அதை அழுத்துகிறது. ஆழத்தின் வெப்பம் அதைச் சுடுகிறது. ஒவ்வொரு துகளும் இருந்த இடத்திலேயே தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காகத் துகள்கள் வரிசை கட்டுகின்றன." பரக்கத் கட்டைவிரலைத் தூக்குகிறான். வந்துவிட்டது.

ஜெசிந்தா. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயரை அண்ணன் வாயால் கேட்டேன். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் ஃபோன் செய்வான். மழை, முழங்கால், கரண்ட், மழை. அன்றைக்குச் சிறுபிள்ளை மாதிரி உற்சாகமாக இருந்தான். "வல்லி, பசங்க ஃபோன்ல ஒண்ணு போட்டுக் குடுத்திருக்காங்க. காகிதத்துக்கு மேல பிடிச்சா படிக்குது. மருந்து அட்டை படிச்சேன், கல்யாணப் பத்திரிகை படிச்சேன். மொய் எழுதற எடத்தைத் தவிர எல்லாம் படிக்குது." சிரித்தான். அப்புறம், "அச்சு நல்லா வருது. கையெழுத்துதான் பாக்கணும். ஜெசிந்தா லெட்டர் உங்கிட்டதானே இருக்கு? அதை அனுப்பேன்" என்றான். மருந்து அட்டை என்று சொன்ன அதே குரல். முப்பது வருடத்தில் முதல் தடவை. நான், தேடிப் பாக்குறேன் அண்ணா என்றேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. பீரோவில் அம்மாவின் சுங்குடிச் சேலைக்குக் கீழே, இடது மூலையில். வீட்டுக்கு வெள்ளையடித்த இரண்டு முறையும் அதைத்தான் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். பல வருடமாகப் பிரித்ததில்லை. போன புதன்கிழமை பிரித்தேன். என் ஃபோனிலும் அதைப் போட்டுக்கொண்டு, காகிதத்துக்கு மேலே பிடித்தேன். "அன்புள்ள குலசேகரன் அவர்களுக்கு" என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. உயிர் இல்லாத, தவறு செய்யாத குரல். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அணைத்துவிட்டேன். அது என்ன சொல்லியிருக்கும்? எதைச் சொன்னாலும், அது ஒன்றைச் சொல்லிவிடும்.

"மேடம், இந்தப் பேர் என்ன, நைஸா?" பரக்கத் கேட்கிறான். ஆமாம் தம்பி, கிரானைட் அழுத்தத்தில் மாறினால் நைஸ். "யாரு வச்ச பேரு? நைசா மாறிடுச்சுன்னா?" கண்ணாடிக்கு அப்பால் தோள் குலுங்கச் சிரிக்கிறான். நானும் சிரித்தேன். நைசாக. அப்படித்தான் யாராவது சொல்வார்கள், தெரிந்தால். நைசாக மாற்றி வாசித்துவிட்டாள். ஜெசிந்தா, அண்ணன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் உடம்பைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்த நர்ஸ். குள்ளமாக, பெரிய குரலோடு. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, சிலுவை போட்ட பெண் என்பதை அம்மா சொல்லவே இல்லை, அவள் குடித்த டம்ளரை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது ஜெசிந்தா என் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனுக்குச் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தாள். மோசமான வாசிப்பு. "அமைச்சரவை"யை "அமைச்சர் அவை" என்று உடைத்தாள். "அய்யோ, தப்பு, தப்பு" என்று தானே சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய. இருபது வருடமாக ஒரு பிழை இல்லாமல் வாசித்தேன், அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். "பாறைக்குழம்பு ஊடுருவும்போது அதை ஒட்டியுள்ள பாறையும் சுடப்பட்டு மாறுகிறது. இதற்குத் தொடு உருமாற்றம் என்று பெயர்." சரியாகத்தான் வாசித்தேன். குரல் கொஞ்சம் கீழே போய்விட்டது. பரக்கத் கவனிக்கவில்லை. அண்ணன் கவனிப்பான், ஆனால் பட்டியலில் எழுதமாட்டான். குரல் கீழே போவது பிழைக் கணக்கில் வராது.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவளுக்கு நாக்பூருக்கு மாற்றல். ஐந்தே வரி. நான் வழக்கம்போல வாசித்தேன், வழக்கமான வேகத்தில். "வெள்ளிக்கிழமை காலை வண்டிக்குக் கிளம்புகிறேன். வீட்டில் யாருக்கும் என்னால் சங்கடம் கூடாது. நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம்." அண்ணன், "மறுபடி படி" என்றான். மறுபடி படித்தேன். வரவேண்டாம். "சரி" என்றான். மணி என்ன என்று கேட்டான். சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை அந்த வண்டி போகும் நேரத்தில் அவன் முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். ஒரு படி கடலை. ஒன்றுகூட வாயில் போடவில்லை. அன்று இரவு தட்டை எடுத்து வைக்கும்போதுதான் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் 'வரவேண்டாம்' என்று இல்லை. 'வரவேண்டும்' என்றும் இல்லை. 'வரவேண்' வரை தெளிவு. அடுத்து ஒரு 'ட'. அதன் வலப்பக்கம் ஒரு கோடு. அது ட-வோடு சேர்ந்து வளைந்து மேலே போகிறதா, போனால் டு. தள்ளி நின்று கீழே இறங்குகிறதா, இறங்கினால் டா. அந்த இடத்தில் மை பரவியிருந்தது. அப்புறம் 'ம்'. சங்கடம் கூடாது, அதனால் வரவேண்டாம். சங்கடம் கூடாது, அதனால் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை, நீங்கள் வரவேண்டும். இரண்டும் பொருந்துகிறது. பகலில் பார்த்தேன், விளக்கில் பார்த்தேன், கண்ணாடி மாற்றிய பிறகு பார்க்கத் துணிவில்லை. முதல் தடவை வாசித்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கண் முன்னால் போயிற்று, மனம் வாலைப் போட்டது, நாக்கு சொல்லிற்று, யாருக்கும் நடக்கும். இரண்டாவது தடவைதான். மறுபடி படி என்றபோது நான் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேன். வேகத்தைக் குறைத்தது நினைவிருக்கிறது. அந்த மையைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவு ஓடமாட்டேன் என்கிறது, அங்கேயே வந்து இடித்துக்கொண்டு நிற்கிறது. அவளிடமிருந்து பிறகு கடிதமே வரவில்லை. வேண்டாம் என்றவள் எழுதமாட்டாள். வேண்டும் என்று எழுதிவிட்டு ஸ்டேஷனில் காத்திருந்து போனவளும் எழுதமாட்டாள்.

"சுண்ணாம்புக்கல் இவ்வாறு சலவைக்கல்லாக மாறுகிறது. மாறிய பின் அதிலிருந்த சிப்பிகளின் அடையாளம் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனால் சில பாறைகளில் பழைய படிவுகளின் கோடு மங்கலாகத் தெரிவதுண்டு. பாடம் முடிந்தது." பரக்கத் கையை உயர்த்துகிறான். "சூப்பர் மேடம். ரூம் சைலன்ஸ் அரை நிமிஷம் எடுத்துட்டு விசிறியப் போட்டுடறேன்." ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் யாரும் பேசாத அறையின் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்வான், எங்காவது ஒட்டுப்போட வேண்டியிருந்தால் அது உதவும். அண்ணன் ஒருமுறை ஃபோனில் சொன்னான், "அந்த அரை நிமிஷத்தையும் கேக்குறேன் வல்லி. பிழைக்காக இல்ல. நீ மூச்சு விடறது கேக்கும்." சிவப்பு விளக்கு எரிகிறது. பரக்கத் குனிந்து ஏதோ பார்க்கிறான். இந்தப் பெட்டியிலிருந்து வெளியே போனால் கவரைக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் நாளை மாலை அந்தத் தவறு செய்யாத குரல் அவனுக்கு ஒன்றைச் சொல்லும். டு என்று சொன்னால் அவன் என்னைப் பற்றி அறிவான். டா என்று சொன்னால் நான் தப்பித்துவிடுவேன், அவன் எதுவும் அறியமாட்டான், ஞாயிற்றுக்கிழமை மழையைப் பற்றிப் பேசுவோம். எதைப் பார்த்து எனக்கு அதிகப் பயம் என்று பார்க்கிறேன். இரண்டாவதுதான். குனிந்து கைப்பையைத் திறக்கிறேன். ஜிப் சத்தம் பதிவாகியிருக்கும். காகிதம் சத்தம் போடுகிறது; போடட்டும்.

"வாசிப்பவரின் குறிப்பு" என்று சொன்னேன். பாடம் வாசிக்கிற குரலில்தான் வந்தது. "என் கையில் ஒரு கடிதம் உள்ளது. ஐந்து வரி. நீல மை. நான்காவது வரியின் கடைசிச் சொல் 'வரவேண்' என்று தொடங்குகிறது. அடுத்து 'ட'. அதன் வலப்பக்கம் ஒரு கோடு உள்ளது. கோட்டின் மேல் பாதியில் மை பரவியிருக்கிறது. அது டு-வாக இருக்கலாம். டா-வாக இருக்கலாம். பார்த்தால் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், மறுபடி படி என்று கேட்கப்பட்டபோது, வாசிப்பவர் அந்த எழுத்தைப் பார்த்தார். தெளிவாக இல்லாததைத் தெளிவாக வாசித்தார். குறிப்பு முடிந்தது." அறை அப்படியே இருந்தது. வேர்வை முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. பரக்கத் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அவன் என்ன கேட்டான், எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கிண்டல் எதையும் காணோம். "மேடம், கடைசில ஏதோ பேசிருக்கீங்க. அதை வெட்டிடவா?" வாயைத் திறந்தேன். கரகரவென்று ஏதோ வந்தது. "சரியா கேக்கல மேடம். வெட்டணுமா, வேண்டாமா?" கையிலிருந்த காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, மைக்கை நோக்கிக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, வால்வரைக்கும் பார்த்துச் சொன்னேன். "வேண்டாம்."